வராந்தா அடுப்பும் குட்டிப் படிகளும்

மருமகள்: ...அப்ப ஒத்துக்கிட்டீங்கன்னு எடுத்துக்கட்டுமா மாமா?

மாமனார்: நான் எதையும் ஒத்துக்கல. சாப்பாடு குடுக்க வந்தவன்கிட்ட கைநாட்டு வாங்குற மாதிரியே பேசற.

மருமகள்: எங்க ஆராய்ச்சிக்கூட வராந்தாக் கோடியில இருக்கிற மைக்ரோவேவ் அடுப்பு. ஸ்டோர்காரர் வந்து எடுத்துட்டுப் போகப் போறார். அவ்வளவுதான் சேதி.

மாமனார்: அவ்வளவுதானா... எப்ப?

மருமகள்: இன்னிக்கு.

மாமனார்: இன்னிக்கேவா? நல்லா ஓடிட்டிருக்கிற சாமானை எவனாவது தூக்குவானா?

மருமகள்: பேசறது நீங்கதானா? முதல் நாள் அதைப் பாத்துட்டு என்ன சொன்னீங்க?

மாமனார்: ஞாபகம் இல்ல.

மருமகள்: எனக்கு இருக்கு. "நெருப்பே இல்லாம சூடு வருதுன்னா உள்ள ஏதோ களவாணித்தனம் இருக்கு"ன்னீங்க. பத்தடி தள்ளி நின்னுதான் பாத்தீங்க.

மாமனார்: அன்னிக்குப் புதுசு. பழகினாத்தானே தெரியும்.

மருமகள்: எது பழகினா?

மாமனார்: அடுப்புதான். வேற எதைச் சொல்லுவேன்... நீ எதுக்கு இப்படிச் சிரிக்கிற?

மருமகள்: சிரிக்கலையே. தொண்டை.

மாமனார்: தொண்டைக்கு வெந்நீர் குடி. வெந்நீர் போட அடுப்பு வேணும். பாத்தியா, இப்பத்தான் சொன்னேன், அதுக்குள்ள தேவைப்படுது.

மருமகள்: மாமா, அந்த அடுப்பு என் வேலையைக் கெடுக்குது. மதியம் ஆனா என் திரையில வர்ற அளவுக் கோடெல்லாம் நாறிப் போகுது.

மாமனார்: அடுப்பு அங்க, நீ இங்க. நடுவுல ஒண்ணரை முழம் சுவரு. அது எப்படிக் கெடுக்கும்?

மருமகள்: காட்டவா?

மாமனார்: காட்டு. ஆனா ஒண்ணு, நான் சும்மா கேட்டுட்டுத் தலையாட்டமாட்டேன். வாழ்நாள் பூரா பஸ் ஷெட்டுல பிரேக் பாத்தவன். "பிரேக் பிடிக்குதுங்க"ன்னு டிரைவர் சொல்லுவான், கண்டக்டர் சொல்லுவான், மேனேஜர் சொல்லுவான். எவனையும் நம்பினதில்ல. நானே ஏறி மிதிச்சுப் பாப்பேன்.

மருமகள்: தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டு மாடிப்படியையே மிதிச்சுப் பாத்தீங்களே.

மாமனார்: மூணாவது படி ஆடுச்சா இல்லையா?

மருமகள்: ஆடுச்சு... சரி, இப்படி வாங்க. இந்தப் பீப்பாயைத் தொடாதீங்க.

மாமனார்: ஏன், என்ன இருக்கு?

மருமகள்: ஹீலியம். வாயுவைக் குளிர வெச்சுக் குளிர வெச்சுத் தண்ணி மாதிரி ஆக்கியிருக்கோம். உலகத்துல இதைவிடக் குளிர்ந்த திரவம் கிடையாது.

மாமனார்: விரலை விட்டுப் பாத்தா?

மருமகள்: விரல் திரும்பி வராது.

மாமனார்: அதுவும் நீ சொல்றதுதான்.

மருமகள்: இதை மட்டும் நம்புங்க மாமா, உங்க பையனுக்கு நான் பதில் சொல்லணும். அதுக்குள்ளதான் என் சில்லு, அதான் சிப்பு, தொங்குது. ரெண்டு உலோகத் தகடு. நடுவுல ஒரு தடுப்பு. தலைமயிரைப் பல்லாயிரம் கூறு போட்டா ஒரு கூறு எவ்வளவு கனம் இருக்கும், அவ்வளவுதான் அந்தத் தடுப்பு.

மாமனார்: தடுப்புன்னு ஒண்ணு இருந்தா கரண்டு நின்னுடணும்.

மருமகள்: வெளியில நிக்கும். இந்தக் குளிர்ல நிக்காது. தள்ளவே வேண்டாம், அதுவா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயிடும்.

மாமனார்: காத்தே அடைக்காம பிரேக் பிடிக்குதுன்னு சொல்ற.

மருமகள்: கிட்டத்தட்ட. இந்தத் திரையில கோடு தெரியுதா? இப்படிப் போறது கரண்டு, இப்படிப் போறது வோல்ட்டு. கரண்டு ஓடுது, வோல்ட்டு பூஜ்யம். கொஞ்சம் கூட்டினா, டபக்குன்னு தாவிடும். பாத்தீங்களா?

மாமனார்: கூட்டினது நீதானே. குமிழை என் கையில குடு.

மருமகள்: இந்தாங்க. மெதுவா.

மாமனார்: ...தாவுது. ...இறங்குது. ...தாவுது. சரி, இதுல வில்லங்கம் இல்ல.

மருமகள்: இப்ப நான் என்னோட சொந்த மைக்ரோவேவ் அலையைச் சில்லு மேல விடறேன். இந்த டப்பாதான் அலையை அனுப்புற கருவி. போடட்டா?

மாமனார்: போடு... ஏய். ஏய், என்னம்மா இது?

மருமகள்: என்ன தெரியுது?

மாமனார்: படிக்கட்டு. கோடு படிக்கட்டா நிக்குதே. அணை. ...போச்சு. போடு. ...வந்துருச்சு. அணை. நீ நகரு, நான் போடறேன்.

மருமகள்: மாமா, அந்தச் சுவிட்சு தேய்ஞ்சு போயிடும்.

மாமனார்: தேயட்டும். ...வந்துருச்சு. அச்சு மாதிரி நிக்குது. கொத்தனார் கட்டினாக்கூட இப்படி வராது. ஒவ்வொரு படியும் ஒரே உயரமா?

மருமகள்: ஒரே உயரம். அந்த உயரம் அலையோட சுருதியை, அது எவ்வளவு வேகமாத் துடிக்குதுங்கிறதை மட்டும்தான் கேக்கும். அலையைச் சத்தமா விட்டாலும் உயராது, படி அகலம்தான் மாறும். சுருதியை ஏத்தினாத்தான் படி உயரும். இங்க இருக்கிற சில்லு, வேற நாட்டுச் சில்லு, ஈயம், வேற உலோகம், எதுவானாலும் அதே சுருதிக்கு அதே உயரம். அதனாலதான் ஒரு வோல்ட்டுன்னா எவ்வளவுன்னு இதை வெச்சு முடிவு பண்றாங்க.

மாமனார்: அப்ப ஏமாத்த முடியாத மீட்டர்னு சொல்லு.

மருமகள்: ஆமா.

மாமனார்: எங்க வீட்டுக்கு இந்த மாதிரி ஒண்ணு மாட்டச் சொல்லணும். கரண்டு மீட்டர்காரனை நான் என்னிக்குமே நம்பினதில்ல.

மருமகள்: பீப்பாயை எங்க வெப்பீங்க?

மாமனார்: உன் புருஷன் அறையில... சரி, இதுல அடுப்பு எங்க வந்துச்சு?

மருமகள்: என் அலையை அணைச்சுட்டேன். இப்ப படி எதுவும் இல்ல. நீங்க போய் அடுப்புல ஒரு கிண்ணம் தண்ணி வெச்சு ஓட்டுங்க. இங்க குட்டிக் குட்டியாப் படி முளைக்கும்.

மாமனார்: நான் அந்தப் பக்கம் போனதும் நீ ஏதாவது பட்டனைத் தட்டுவ.

மருமகள்: ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்கறேன். அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். எட்டிப் பாத்துக்கோங்க.

மாமனார்: வெச்சுக்க... இன்னும் மேல. ம். நான் போறேன்.

மருமகள்: கிண்ணம் பக்கத்து அலமாரியில இருக்கு.

மாமனார்: எனக்குத் தெரியும் எங்க இருக்குன்னு... வந்துட்டேன். கேக்குதா?

மருமகள்: நல்லாக் கேக்குது.

மாமனார்: இப்ப ஓடுதா?

மருமகள்: இல்ல.

மாமனார்: இப்ப?

மருமகள்: இல்ல மாமா. ஓடுற மாதிரி நடிக்கிறீங்க.

மாமனார்: இப்...

மருமகள்: ஓடுது. குட்டிப் படி வந்தாச்சு... நிறுத்திட்டீங்க.

மாமனார்: நீ 'டிங்'குங்கிற சத்தத்தைக் கேட்டுச் சொல்ற.

மருமகள்: அப்ப தலைமேல இருக்கிற கையைக் காதுக்கு இறக்கிக்கலாமா?

மாமனார்: இறக்கிக்க. நல்லா பொத்து.

மருமகள்: பொத்திட்டேன். இனிமே நீங்க பேசறது எனக்குக் கேக்காது, நான் பாட்டுக்குச் சொல்றேன். ...ஓடுது. ...ஓடுது. ...நின்னுச்சு. ...மறுபடி ஓடுது. ...உடனே நிறுத்திட்டீங்க, கெட்டிக்காரர். ...ஒண்ணும் இல்ல. ...இன்னும் ஒண்ணும் இல்ல. ...ஓடுது. ...மாமா, எதிர் அறையிலேர்ந்து எல்லாரும் எட்டிப் பாக்கிறாங்க.

மாமனார்: காதுலேர்ந்து கையை எடு. போதும். வந்துட்டேன்.

மருமகள்: எத்தனை தப்பு?

மாமனார்: ...ஒண்ணும் இல்ல.

மருமகள்: சத்தமா.

மாமனார்: ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல. அந்தச் சில்லுக்குச் சரியான மோப்பம்.

மருமகள்: அடுப்புக் கதவிடுக்குல கசியற அலை ஒரு துளி. பாதுகாப்புக்காரர் வந்து அளந்து பாத்துட்டார், பக்கத்துல நிக்கிற ஆளுக்கு ஒண்ணும் ஆகாதாம். ஆனா என் சில்லுக்கு அந்தத் துளியே அடைமழை. என் கம்பி வழியா உள்ள இறங்கிடுது. படியோட உயரத்தைப் பாத்தே சொல்லிடலாம், இது வேற எதுவும் இல்ல, அடுப்போட சுருதின்னு.

மாமனார்: கதவிடுக்குலேர்ந்தா வருது?

மருமகள்: ஆமா. கதவு ஓரத்துல யாரோ ஒரு பட்டையைச் சொருகி வெச்சிருந்தாங்க. கறுப்பா, முரட்டுப் பட்டை. மோந்து பாத்தேன். பஸ் ஷெட்டு வாசனை.

மாமனார்: நாட்டுல எத்தனையோ பஸ் ஷெட்டு இருக்கு.

மருமகள்: மாமா.

மாமனார்: நான்தான். என்ன இப்ப? கதவு உரசுச்சு. பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல ஒரு நூல் இடம் விடணும். விடலேன்னா உரசும், உரசினா சூடேறும், சூடேறினா புகையும். கதவுக்கும் அதே நியாயம்தான். நாலு பேர் திறந்து மூடுற கதவுக்கு மூச்சு விட இடம் வேணாமா?

மருமகள்: அடுப்புக் கதவு மூச்சு விடக் கூடாதுன்னுதான் மாமா அதை அவ்வளவு இறுக்கமா செய்யறாங்க. உலகத்துலயே மைக்ரோவேவ் அடுப்புக்குப் பிரேக் இடைவெளி விட்ட ஒரே ஆள் நீங்கதான்.

மாமனார்: அது எனக்கு எப்படித் தெரியும்? அந்த அடுப்புல எழுதியா ஒட்டியிருக்கு?

மருமகள்: ஒட்டியிருக்கு.

மாமனார்: பொடி எழுத்துல எழுதினா எவன் படிப்பான்... விடு. பட்டையை உருவிடறேன். அடுப்பு இருக்கட்டும்.

மருமகள்: உருவியாச்சு. ஓரம் வளைஞ்சு போச்சு, இனிமே பொருந்தாது.

மாமனார்: சுத்தியலைக் கொண்டா. ரெண்டு தட்டுல நேராக்கறேன்.

மருமகள்: வேணவே வேணாம்.

மாமனார்: அப்ப உன் சில்லை வேற அறைக்கு மாத்து.

மருமகள்: அடுப்புக்காக நான் பீப்பாயைத் தூக்கிட்டுப் போகணுமா?

மாமனார்: நான் தள்ளித் தரேன். முதுகு நல்லாத்தான் இருக்கு.

மருமகள்: முடியாது மாமா.

மாமனார்: சரி, அடுப்பை மாத்து. இங்க வேணாம், கீழ கொண்டு போய் வை. உங்க ஆராய்ச்சிக்குக் கண்ணாடிக் குழாய் ஊதுற அந்த அறை இருக்குல்ல, அதுக்கு வெளியில ஒரு மேசை சும்மாத்தான் கிடக்குது.

மருமகள்: கண்ணாடி ஊதுற அறையா?

மாமனார்: ம்.

மருமகள்: நீங்க வாசல்ல வந்து நேரா மாடிப்படி ஏறி இங்க வர்றீங்க. அந்த அறை பின்னால, நீளமான வழியில கடைசியில இருக்கு. அதுக்கு வெளியில ஒரு மேசை, அது சும்மா கிடக்குதுன்னு வேற தெரியுது.

மாமனார்: வழி தவறிப் போயிட்டேன் ஒரு நாள்.

மருமகள்: மேசையைத் தடவிப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்.

மாமனார்: பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு நோட்டம் ஆகாது. சாப்பிடு, ஆறுது.

மருமகள்: சாப்பிடறேன். ஒரே ஒரு கேள்வி. நீங்க கொண்டு வர்றது ஒரு டப்பா. அடுப்பு தினம் ரெண்டு தடவை ஓடுது. ஏன்?

மாமனார்: ஒரு தடவையில சூடு ஏறல.

மருமகள்: எனக்கு வர்ற டப்பாவும் ஆறித்தானே இருக்கு.

மாமனார்: ...மாடிப்படி நீளம்.

மருமகள்: மாடி ஏறினப்புறம்தான் அடுப்பு வருது மாமா.

மாமனார்: நீ என்னை விசாரணை பண்றியா? உன் புருஷனை நான் இப்படி விசாரிச்சிருந்தா உருப்பட்டிருப்பான்.

மருமகள்: முதல் தடவை ஓடி முடிஞ்சதும் கோடு நேராயிடும். அப்புறம் ரொம்ப நேரம் நேராவே கிடக்கும். என் டப்பா அந்த நேரத்துலதான் ஆறுது. அப்புறம் மறுபடி குட்டிப் படி. நடுவுல அவ்வளவு நேரம் என்ன நடக்குது?

மாமனார்: கதவைத் தொடைப்பேன்.

மருமகள்: தினமுமா?

மாமனார்: சுத்தம் வேணாமா?

மருமகள்: உங்க கூடச் சேர்ந்து கதவைத் தொடைக்கிறது யாரு?

மாமனார்: ...அந்தச் சில்லு ஆளைக்கூடக் காட்டுமா?

மருமகள்: காட்டாது. நீங்கதான் காட்டுறீங்க, காது சிவந்துருச்சு.

மாமனார்: வெயில்ல வந்தேன்.

மருமகள்: வெளிய மழை.

மாமனார்: ...கதவைச் சாத்து.

மருமகள்: சாத்திட்டேன்.

மாமனார்: கண்ணாடி ஊதுற அந்தம்மா கையில ஒரு நாள் கட்டுப் போட்டிருந்துச்சு. கண்ணாடி சுட்டுருச்சாம். ஒத்தைக் கையால கதவை இழுக்குது, கதவு வரமாட்டேங்குது. உரசுது. பாத்துட்டு எவன் சும்மா போவான்? மறுநாள் பட்டையைக் கொண்டாந்து வெச்சேன். அவ்வளவுதான். ஒரு தப்பும் இல்ல.

மருமகள்: தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. கண்ணாடிக்காரம்மா அப்ப என்ன சொன்னாங்க?

மாமனார்: "யாரைக் கேட்டு அடுப்பைப் பிரிச்சே"ன்னு கத்துச்சு.

மருமகள்: அப்புறம்?

மாமனார்: அப்புறம் கதவைத் திறந்து பாத்துச்சு. மூடிப் பாத்துச்சு. மறுபடி திறந்து பாத்துச்சு. நாலஞ்சு தடவை. நம்பவே இல்ல. எனக்கு... அது பிடிச்சுப் போச்சு.

மருமகள்: ஓஹோ.

மாமனார்: ஓஹோவெல்லாம் போடாத. உள்ள சுத்துற தட்டு உடைஞ்சப்ப அதுவே ஊதிப் புதுசு பண்ணிக் கொண்டாந்துச்சு. கொஞ்சம் ஆடும். "ஆடுதே"ன்னேன். "உங்க பஸ்ஸு ஆடாதா"ன்னு கேட்டுச்சு. பதில் வரல எனக்கு. எனக்கே பதில் வரல, தெரியுதா?

மருமகள்: இது எத்தனை நாளா...

மாமனார்: நாளெல்லாம் எண்ணல. உங்க அத்தை போனப்புறம் சாப்பாடுங்கிறது வண்டிக்கு டீசல் போடற மாதிரி ஆயிருச்சு. ஊத்தினமா, மூடினமா, போனமா. இப்பத்தான் டப்பாவைத் திறக்கும்போது உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கறேன்.

மருமகள்: அதைக் காட்டுறதுக்குத்தான் பாக்கறீங்க.

மாமனார்: ஆமா. ஏன், காட்டக் கூடாதா? உன் புருஷன் சமைச்சதை வெளியில காட்டவே வெக்கமா இருக்கு, அந்த முட்டையை வேக வெக்கக்கூடத் தெரியல அவனுக்கு.

மருமகள்: அவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?

மாமனார்: என்ன சொல்றது?

மருமகள்: இப்ப என்கிட்ட சொன்னதைத்தான்.

மாமனார்: பைத்தியமா உனக்கு? இந்த வயசுல போய்... "அடுப்புல சூடு பண்ண வந்தேன்"னா ஒரு நியாயம் இருக்கு. எவன் கேட்டாலும் பதில் இருக்கு. அடுப்பு போயிருச்சுன்னா நான் இங்க எதுக்கு வரணும்? உனக்குக் கீழ கேன்டீன் இருக்கு. நான் கொண்டு வர்ற சாப்பாடு உனக்குத் தேவையே இல்ல, அது எனக்கும் தெரியும்.

மருமகள்: அதனாலதான் அடுப்புக்கு இவ்வளவு வக்காலத்து.

மாமனார்: அதனாலதான். சொல்லிட்டேன். போதுமா? இப்பவாவது ஸ்டோர்காரனுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லு.

மருமகள்: ரெண்டு தகடு. நடுவுல தடுப்பு. தள்ளவே வேணாம், அதுவா அந்தப் பக்கம் போயிடும்னு சொன்னேனே, நீங்க நம்பல.

மாமனார்: நீ உன் சில்லைப் பேசு. மனுசனை விடு.

மருமகள்: சில்லைத்தான் பேசறேன்.

மாமனார்: சில்லைப் பேசும்போது இப்படிக் கண்ணடிக்கமாட்டாங்க. போன் போடு.

மருமகள்: போடறேன், போடறேன்... மாமா, உங்க பையனுக்கு இது...

மாமனார்: அவன் காதுக்கு மட்டும் போகக் கூடாது. என் தலைமேல ஏறி உக்காந்து சிரிப்பான்.

மருமகள்: என் பங்கு போக டப்பாவுல தினம் ரெண்டு ஆளுக்குச் சாப்பாடு இருக்கே, ஏன்னு நினைச்சீங்க?

மாமனார்: ...அளவு தெரியாம வெக்கிறான்னு நினைச்சேன்.

மருமகள்: அவருக்கு எப்பவோ தெரியும், அதனாலதான் முட்டையைக்கூட ரெண்டா வெக்கிறார்.

மாமனார்: குடும்பமே களவாணிக் குடும்பம்.

கண்ணாடிக்காரம்மா: உள்ள யாரு இருக்கீங்க? கதவை எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க?

மருமகள்: வாங்கம்மா, வாங்க. சும்மா சாத்தித்தான் இருக்கு, தள்ளுங்க.

கண்ணாடிக்காரம்மா: வராந்தாவுல அடுப்பு எங்க போச்சு? அது இருந்த இடத்துல நாலு கால் தடமும் தூசியும்தான் இருக்கு.

மாமனார்: எடுத்துட்டானா? இவ இன்னும் போனே போடலையே. என் தண்ணிக் கிண்ணம் உள்ள இருந்துச்சே.

கண்ணாடிக்காரம்மா: பிரேக்காரரே, நீங்க இங்கதான் இருக்கீங்களா? உங்க கிண்ணம் போனாப் போகுது. என் தட்டும் போச்சு. நான் ஊதின தட்டு.

மாமனார்: அந்த ஆடுற தட்டா?

கண்ணாடிக்காரம்மா: ஆடினாலும் சுத்துச்சுல்ல.

மாமனார்: சுத்துச்சு... நல்லாத்தான் சுத்துச்சு.

கண்ணாடிக்காரம்மா: எதுக்கு எடுத்தாங்களாம்?

மருமகள்: கதவு கசியுதும்மா. என் சில்லுக்கு ஆகல. ஓரத்துல யாரோ பட்டை வெச்சு...

மாமனார்: நான்தான் வெச்சேன். அந்தம்மாவுக்குத் தெரியும். அதை இப்ப எடுத்து ஊதாத.

கண்ணாடிக்காரம்மா: அப்ப இனிமே அடுப்பு வராது.

மருமகள்: இந்த மாடிக்கு வராது.

கண்ணாடிக்காரம்மா: சரி... அப்ப நான் கிளம்பறேன். கீழ வேலை கிடக்கு.

மருமகள்: மாமா.

மாமனார்: என்ன?

மருமகள்: கிளம்பறாங்களாம்.

மாமனார்: காது கேக்குது எனக்கு... ம்மா, கொஞ்சம் இருங்க.

கண்ணாடிக்காரம்மா: சொல்லுங்க.

மாமனார்: நாளைக்கு அடுப்பு இருக்காது.

கண்ணாடிக்காரம்மா: அதைத்தானே இவ்வளவு நேரமாப் பேசிட்டிருக்கோம்.

மாமனார்: சூடு பண்ண முடியாது.

கண்ணாடிக்காரம்மா: முடியாது.

மாமனார்: ஆனாலும் நான் வருவேன்.

கண்ணாடிக்காரம்மா: எதுக்கு?

மாமனார்: ...பச்சையாச் சொல்லட்டா?

கண்ணாடிக்காரம்மா: வேற எப்படியாவது பேசத் தெரியுமா உங்களுக்கு?

மாமனார்: உங்களைப் பாக்கத்தான். சாப்பாடு ஆறிக் கிடந்தாலும் பரவால்ல. பக்கத்துல நின்னு தின்னா இறங்குது, தனியா உக்காந்தா இறங்கல. அவ்வளவுதான் விஷயம், பூசி மெழுகத் தெரியாது எனக்கு. வேணாம்னா இப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. பஸ் பிடிச்சுப் போயிட்டே இருப்பேன், திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்.

கண்ணாடிக்காரம்மா: கொஞ்சம் இருங்க, யோசிக்கறேன்.

மாமனார்: இவ்வளவு நேரம் யோசிச்சா எப்படி?

மருமகள்: அவங்க யோசிக்கிற நேரத்துல நான் ஒண்ணு சொல்லிடட்டா மாமா? திட்டக் கூடாது.

மாமனார்: திட்டுவேன். சொல்லு.

மருமகள்: என் நிஜச் சில்லுக்கு அடுப்பால ஒரு தொல்லையும் இல்ல. கம்பிக்கெல்லாம் வெளி அலையைத் தடுக்கிற வடிகட்டி போட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க இப்பப் பாத்தது கழிச்சுக் கட்டின பழைய சில்லு. அதே பீப்பாய்க்குள்ள பக்கத்துல தொங்குது. அதுக்கு மட்டும் வடிகட்டி போடாம விட்டு வெச்சிருக்கேன்.

மாமனார்: எதுக்கு?

மருமகள்: நீங்க ரெண்டு பேரும் எப்ப வர்றீங்க, எவ்வளவு நேரம் பேசறீங்கன்னு பாக்கத்தான். குட்டிப் படி வந்தா எங்க அறையே எந்திரிச்சு நின்னு சிரிக்கும்.

மாமனார்: அடிப் பாவி. அப்ப அடுப்பை எதுக்குத் தூக்கச் சொன்ன?

மருமகள்: அது இருக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கமாட்டீங்கன்னு தெரியும். கதவைத் தொடைச்சே காலத்தை ஓட்டியிருப்பீங்க.

மாமனார்: உன்னை மிதிச்சுப் பாக்காம மருமகளா எடுத்தேன் பாரு, அதுதான் நான் சோதிக்காம விட்ட ஒரே பிரேக்.

மருமகள்: அதைச் சாயந்தரம் வீட்டுல வெச்சுத் திட்டுங்க. அம்மா இன்னும் பதில் சொல்லல.

மாமனார்: ஆமா. நீங்க சொல்லுங்க. ஆமான்னாலும் சரி, இல்லன்னாலும் சரி.

கண்ணாடிக்காரம்மா: முதல்ல என் கையில இருக்கிற இந்தச் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பிடிங்க.

மாமனார்: என்னிக்கும் தொடவே விடமாட்டீங்களே, துணி சுத்திக்கிட்டு.

கண்ணாடிக்காரம்மா: இன்னிக்கு விடறேன். துணியை எடுத்துட்டுப் பிடிங்க.

மாமனார்: ...ஐயோ, சுடுதே. கொதிக்குது. அடுப்புதான் போயிருச்சே, இது எப்படிச் சுடுது?

கண்ணாடிக்காரம்மா: நான் கண்ணாடி ஊதுறவ, பிரேக்காரரே... என் அறையில சூளை நாள் பூரா எரியுது, அது மேல வெச்சா கல்லு கூட வெந்துடும். சுடச்சுட இருக்கிற சாப்பாட்டை உங்களுக்காக மாடி ஏறிக் கொண்டாந்து, அந்தப் பெட்டியில மறுபடியும் சுட வெச்சுத் தின்னு தின்னு என் நாக்கே வெந்து கிடக்கு... நாளைக்குக் கீழ வந்துடுங்க, என் அறைக்கு வெளியில இருக்கிற மேசையைத் தொடைச்சுத்தான் வெச்சிருக்கேன்.